ஆச்சிக்கு ஒரு வாழ்த்து அட்டை



பிழைப்பைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, தாராவியில் ஒற்றை அறையில் வாழ்க்கையைத் தொடங்கி, இன்று புறநகரில் ஒரு சிறு வீடு வாங்கிக் குடியிருக்கும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டின் இளைய மகனுக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, பள்ளிக்கூடத்தின் கைவினை வகுப்பில் ரப்பர் அச்சு, மை, பூப்போட்ட காகிதம் ஆகியவற்றைக் கொண்டு வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பையன் கைத்திறன் உள்ளவன். நீலக் காகிதத்தின்மேல் வெள்ளி நிறத்தில் நட்சத்திரங்களைப் பதித்து, அதன் நடுவே ஆங்கிலத்தில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்ற அச்சை வைத்து அழுத்தி, உள்ளே தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஊரிலிருக்கும் ஆச்சிக்கு அனுப்பினான்.

ஒரு வாரத்தில் ஆச்சி தொலைபேசியில் பேசினார்கள். "அட்டை வந்துச்சு ஐயா, ரொம்ப அழகா இருக்கு. தபால்காரர்தான் உன் பேரைப் படிச்சுச் சொன்னார்" என்றார்கள். அவ்வளவுதான். குறையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆச்சி எழுத்தறியாதவர்கள் அல்லர். வேதாகமத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள். பேரன் தன் கையால் செய்து அனுப்பிய அட்டையில் அவர்களால் வாசிக்கக்கூடிய ஓர் எழுத்துகூட இல்லை என்பதை அன்று இரவு அந்தத் தாயார் என்னிடம் சொல்லி வருந்தினார்கள். பையனுக்கு இந்தி எழுதத் தெரியும், மராத்தி எழுதத் தெரியும், ஆங்கிலம் எழுதத் தெரியும். தமிழ் பேசுவான், எழுத வராது.

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் அகமதாபாத்திலும் இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இது அயலார் வீட்டுக் கதை அல்ல என்பதை அறிந்தே எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் பண்டிகையை ஆசரிக்காத சபைகளைச் சேர்ந்த வாசகர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் புத்தாண்டு இருக்கிறது. அதற்குப் பதினான்கு நாள் பின்னே பொங்கலும் வந்துவிடுகிறது. எந்தக் காலத்துக்குரிய வாழ்த்தாயினும் செய்முறை ஒன்றே.

வாழ்த்து அட்டை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1843-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவர், ஆண்டு இறுதியில் வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தம் கையால் பதில் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறத்தாழ 1000 பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். பெறுநர் பெயருக்கும் அனுப்புநர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. எஞ்சியவை ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. அந்தப் படத்தில் ஒரு குடும்பத்தார் கையில் திராட்சரசக் கிண்ணத்துடன் இருந்தார்கள். சிறு குழந்தைக்கும் அதைக் குடிக்கக் கொடுப்பதாக வரைந்திருந்ததால் மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. கையால் எழுத நேரமில்லை என்ற நெருக்கடியில் பிறந்ததுதான் வாழ்த்து அட்டை. இன்று கைப்பேசியில் ஒரே படத்தை இருநூறு பேருக்கு அனுப்புகிறோமே, அது அந்தப் பழக்கத்தின் கொள்ளுப்பேரன்.

இதில் நானும் குற்றமற்றவன் அல்லன். பல ஆண்டுகள் எங்கள் சபையில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளை அச்சகத்தில் கொடுத்து அடித்து, அடியில் என் கையொப்பத்தையும் அச்சாகவே சேர்த்துவிட்டேன். ஊரில் வயது முதிர்ந்த ஒரு சகோதரிக்கு அதில் ஒன்றை அனுப்பியிருந்தேன். பின்பு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த அந்த அட்டையில் என் கையொப்பத்தின்மேல் ஈரவிரலால் தேய்த்த தடம் இருந்தது. "மை கலையுதான்னு பார்த்தேன் ஐயா. கலையல" என்றார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பவுல் அப்போஸ்தலன் நிருபங்களைப் பிறர் கையால் எழுதுவித்தவர். ரோமருக்கு எழுதின நிருபத்தைத் தெர்தியு எழுதினான். ஆயினும் வாழ்த்துதலைத் தம் சொந்தக் கையெழுத்தாலேயே எழுதுவது தமக்கு அடையாளம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முடிவில் அவர் சொல்லுகிறார். வேதாகமக் கல்லூரியில் அந்தப் பகுதியைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஈரவிரல் தடத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தப் பையனையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் உட்காரவைத்து அட்டை செய்தோம். நாங்கள் செய்து கெடுத்தவற்றிலிருந்து கற்றவையே கீழே வருபவை.

காகிதம்தான் முதல். எழுதும் தாள் தொய்ந்துவிடும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் வரையுள்ள வெள்ளை அட்டைத்தாள் வேண்டும். அப்துல் ரஹ்மான் தெரு, சாவ்ரி பஜார், அவென்யூ சாலை என்று உங்கள் நகரத்தின் காகிதக் கடைத்தெருவில் கேட்டால் கிடைக்கும். ஓர் ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு அட்டைகள். அட்டைத்தாளுக்கு ஓட்டம் உண்டு. இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிப்பது நல்லது. எதிர்ப்பக்கம் மடித்தால் முதுகில் வெடிப்பு விழும். மடிப்பதற்கு முன்னே அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால் மடிப்பு நேராக அமையும்.

பூப்போட்ட காகிதத்தைக் கைவினைக் கடைகளில் கட்டாக விற்கிறார்கள். விலை அதிகம். ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேரில் 'காகஸி' எனப்படும் பரம்பரைக் காகிதக்காரர்கள் பருத்தித் துணிக் கழிவுகளைக் கூழாக்கி, மரம் வெட்டாமல் செய்கிற கைக்காகிதத்தின்மேல் பூ அச்சிட்ட தாள்கள் பெருநகரங்களில் கிடைக்கின்றன. ஒரு பெரிய தாள் பல அட்டைகளுக்குப் போதும். அதுவும் வேண்டாமென்றால் கலியாணப் பத்திரிகைகளின் உறைகள் இருக்கின்றனவே! பொன்கொடியும் மாங்காயும் ஓடுகிற அந்தத் தடித்த உறைகளை நாம் குப்பையில் போடுகிறோம். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் வெட்டி ஒட்டினார்கள். அட்டையின் ஓரத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறிதாக வெட்டினால் வெள்ளை விளிம்பு தெரிந்து அழகு கொடுக்கும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருட்டிவிடும். பசைக்குச்சியால் ஒட்டி, ஒரு கனமான புத்தகத்தின் கீழே இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். என்னிடமுள்ள வேதாகம ஒத்துவாக்கியத்துக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த முக்கிய வேலை இதுவே.

மையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடைகளில் டை இங்க், பிக்மெண்ட் இங்க் என இரண்டு வகை உண்டு. முதல் வகை தாளுக்குள் ஊறி விரைவில் காய்ந்துவிடும். பளபளப்பில்லாத சாதாரணத் தாளுக்கு ஏற்றது. இரண்டாவது தாளின்மேலேயே படிந்து நின்று மெதுவாகக் காயும். அடர்ந்த நிறத் தாளின்மேலும் எடுப்பாகத் தெரியும். சபை அலுவலகத்தின் ஊதா ஸ்டாம்ப் பேட் மையைப் பளபளப்பான அட்டையில் பயன்படுத்திப் பார்த்தோம். மறுநாளும் ஈரமாகவே இருந்தது. ஒரு சிறுமியின் வெள்ளைப் பாவாடை அதற்குச் சாட்சி. கைக்காகிதமோ மையை இழுத்துப் பரப்பிவிடும். நுண்ணிய கோடுகள் அதில் நிற்கா. ஆகையால் கைக்காகிதத்தை வெளிப்பக்கத்து அழகுக்கு வைத்துக்கொண்டு, எழுதும் இடத்துக்கு வழுவழுப்பான வெள்ளைத் தாளையே வையுங்கள். வெள்ளி மின்னும் தூளைத் தூவி ஹீட் கன்னால் உருக்கும் முறையும் உண்டு. அது பெரியவர்கள் வேலை. சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம்.

அச்சை மைப்பேட்டில் அழுத்துவதைவிட, மைப்பேட்டை எடுத்து அச்சின்மேல் மெல்லத் தட்டுவதே சரி. அட்டையின் அடியில் ஒரு பழைய பத்திரிகையை மெத்தையாக வைத்து, ஆட்டாமல் அசைக்காமல் நேராக அழுத்தி நேராகவே எடுக்க வேண்டும். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னால். அச்சு வாங்கப் பணம் இல்லையென்றால் வெண்டைக்காய் போதும். குறுக்கே வெட்டினால் அதன் ஐந்து வரம்புகளும் ஐந்து முனைகளாகி ஒரு நட்சத்திரம் கிடைக்கிறது. வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மை தொடுங்கள். பெத்லகேமின் நட்சத்திரத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் பதித்தார்கள். குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காய் முழுவதும் தீர்ந்துபோனது.

இனி எழுத்துக்கு வருகிறேன். நான் விசாரித்த கடைகளில் தமிழில் வாழ்த்துச் சொல்லும் அச்சு கிடைக்கவில்லை. ஆங்கில அச்சுகளே அடுக்கியிருந்தன. ஆகவே பென்சில் அழிக்கும் பெரிய ரப்பரில் நாங்களே செதுக்கினோம். முதல் நாள் ஒரு பையன் எழுத்துகளைப் பார்த்தபடியே செதுக்கிவிட்டான். பதித்தபோது 'ப' ஒழுங்காக விழுந்தது, 'ட' திரும்பி விழுந்தது! அச்சில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்க வேண்டும்; சாங்கானேரில் மரக்கட்டையில் பூ செதுக்குகிறவர்களும் இவ்வாறே மாற்றித்தான் செதுக்குகிறார்கள். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பட்டர் பேப்பரில் மெல்லிய பென்சிலால் 'வாழ்த்து' என்று நேராக எழுதி, அந்தத் தாளைக் குப்புற ரப்பரின்மேல் வைத்து, முதுகில் கரண்டியால் தேய்த்தால், எழுத்து தானே மாறி இறங்கிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிகளைச் செதுக்க முயன்றால் உடைந்துபோகும். பதித்த பிறகு பேனாவால் வைத்துக்கொள்ளலாம். கத்தியைப் பெரியவர் ஒருவர் பிடிக்கட்டும். 'ழ்' செதுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. ஆனால் அன்று அந்தப் பிள்ளைகள் 'ழ்' எழுதக் கற்றுக்கொண்டார்கள். வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விரல்களே அறிந்துகொண்டன.

உள்பக்கத்தை வெறுமையாக விடுங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே அச்சும் வேண்டாம், பூவும் வேண்டாம். நான்கு வரி, பிள்ளையின் கையால், தமிழில். நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள், அவன் பார்த்து எழுதட்டும். நலமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஆச்சி வீட்டு ஆட்டுக்குட்டி எப்படியிருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

தபாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 300 ஜிஎஸ்எம் தாளில் செய்த அட்டை ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், உறையோடு பதினான்கு. ஒட்டிய காகிதங்களையும் சேர்த்தால் பதினெட்டைத் தொடும். கடிதக் கட்டணத்தின் முதல் தட்டு 20 கிராமோடு முடிகிறது என்பதால், பொத்தானும் மணியும் கண்ணாடிச் சில்லும் ஒட்டாதிருப்பது பணத்துக்கும் நல்லது. தபால் முத்திரையின் குத்தில் அவை நொறுங்கியும் போகும். முகவரியை ஆங்கிலத்தில் எழுதி, பெயரை மட்டும் கீழே தமிழிலும் எழுதலாம். பின்கோடு கட்டாயம். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கத்தில் தமிழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் முதல் இலக்கம் 6 என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.

அந்தப் பையனும் தன் அட்டையை எழுதி முடித்தான். வெண்டைக்காய் நட்சத்திரம் மூன்று, சற்றே சாய்ந்து விழுந்த 'வாழ்த்து' ஒன்று. உள்ளே நான்கு வரி. தொடக்கத்தில் 'அன்புள்ள ஆசி' என்று எழுதியிருந்தான், 'ச்' விட்டுப்போயிற்று. தாயார் உடனே திருத்தப் போனார்கள். "இருக்கட்டும் அம்மா, அப்படியே போகட்டும்" என்று நான் தடுத்தேன்.

ஜனவரியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில், ஆட்டுக்குட்டி இரண்டு போட்டிருக்கிறது என்றும், பனி அதிகம் என்றும், மூட்டுவலிக்கு ஜெபிக்கவும் என்றும் எழுதி, அடியில் 'இப்படிக்கு உன் ஆசி' என்று முடித்திருந்தார்கள்.