பச்சோந்தி வளர்க்க ஆசையா? முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள்

மழை ஓய்ந்ததும் சாலையைக் கடக்கும் பச்சோந்தியைப் பிடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்கிறார்கள். நிறம் மாறுவதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். சில நாளில் அது பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள். இன்னொரு சாரார் பெரிய தொகை கொடுத்து வெளிநாட்டுப் பச்சோந்தி வாங்குகிறார்கள். "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று விற்றவர் சொன்ன வாய்வார்த்தையைத் தவிர அவர்களிடம் வேறு ஒன்றும் இருப்பதில்லை. இரு தரப்பாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கணும்?" இதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் என்னை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்பவரைப் பார்ப்பது அரிதாக இருக்கிறது.

முதலில் நம் ஊர்ப் பச்சோந்தி. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் இந்த இனத்தின் அறிவியல் பெயர் கமீலியோ ஜெய்லானிகஸ். பல ஊர்களில் கழுத்து சிவக்கும் ஓணானையே பச்சோந்தி என்று காட்டுகிறார்கள். அடையாளம் எளிது. பச்சோந்தியின் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். கால்விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து கொம்பைக் கவ்வும். வால் சுருளும். ஓணானிடம் இவை எதுவும் கிடையாது. பச்சோந்திக்கு விஷமும் இல்லை. அதன் மூச்சு பட்டால் ஆகாது, கண்ணில் பட்டால் கெடுதல் என்று கல்லெறிந்து கொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதுவும் குற்றம்தான்.

இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கொல்வதை மட்டும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. உயிரோடு பிடிப்பதையும் வேட்டையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 51-ஆம் பிரிவின்படி பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு தொடர்பான குற்றமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. "எங்க தோட்டத்துலதான் இருந்துச்சு", "விக்கிறதுக்குப் பிடிக்கல, வளர்க்கத்தான்" என்ற விளக்கங்களால் குற்றம் இல்லாமல் போகாது. உங்கள் தோட்டத்து முருங்கையில் ஏறியிருந்தாலும் அது உங்கள் சொத்து ஆகாது. பிடிக்காதீர்கள்.

பிடித்துவிட்டவர்கள் என்ன செய்வது? இரவோடு இரவாக எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்லி அக்கம்பக்கத்தார் யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட பச்சோந்தி நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். சட்டத்தின் 39-ஆம் பிரிவு வழியைச் சொல்லியிருக்கிறது: அரசுச் சொத்தாகக் கருதப்படும் வன உயிரினம் எவ்வகையில் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் பகுதியின் வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகலாம்.

வெறும் கையோடு போகாதீர்கள். வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண். பச்சோந்தி எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது. இப்போது அதன் நிலை என்ன, காயம் உண்டா. நானாக முன்வந்து ஒப்படைக்கிறேன் என்ற ஒரு வரி. கீழே கையெழுத்தும் தேதியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் தேதியுடன் அலுவலக முத்திரையும் பெற்றவர் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள். பச்சோந்தி போன பின் உங்கள் கையில் மிஞ்சும் ஒரே ஆதாரம் அந்தப் பிரதிதான்.

இந்த இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். அதற்கு அலுவலர்களும் காரணம். "ரேஞ்சர் வெளியே போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்பார்கள். "அதை அப்படியே மரத்துல விட்டுட்டுப் போங்க" என்பார்கள். விலங்கை வாங்கிக்கொண்டு முத்திரை வைக்க மறுப்பார்கள். சட்டத்தை மதித்து நேர்மையாக வந்த ஒருவரை இப்படி அலைக்கழித்தால், அடுத்த முறை அவர் எதையும் ஒப்படைக்க வரமாட்டார். இது ஏன் இன்னும் புரியவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே கடிதத்தை அன்றே மாவட்ட வன அலுவலருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பிறகும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுச் செய்து, இந்தத் தேதியிட்ட என் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ஒப்படைத்துவிட்டால் வழக்கே வராது என்று நான் உறுதி தரமாட்டேன். பல வாரம் வீட்டில் வைத்திருந்தவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு போவது நல்லது. ஆனால் தாமாக ஒப்படைத்தவருக்கும், சோதனையில் பிடிபட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த நீதிமன்றமும் பார்க்கும்.

சாலையில் பச்சோந்தியைக் கண்டால் ஒரு குச்சியை அதன் முன்னே நீட்டுங்கள். தானே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, சாலையின் மறுபுறம் உள்ள புதரில் விட்டுவிட்டு உங்கள் வழியைப் பாருங்கள். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் ஒரு கொம்பை வைத்து, இருட்டாக மூடி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும்.

இனி வெளிநாட்டுப் பச்சோந்தி. கடைகளில் 'வெய்ல்டு' என்று விற்கப்படுவது ஏமனும் சவூதி அரேபியாவும் தாயகமான இனம். 'பேந்தர்' என்பது மடகாஸ்கரிலிருந்து வந்தது. இரண்டுமே சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. நம் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது அந்த உடன்படிக்கையின் இனங்கள் நான்காம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. திருத்தம் 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவு விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வெளியாகின. அப்போது ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அது 2024 ஆகஸ்டு 28-உடன் முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குகிறவர், விலங்கு கைக்கு வந்த 30 நாளுக்குள் 'பரிவேஷ் 2.0' இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும்.

கடைக்காரரின் பில் பதிவுச் சான்று ஆகாது. திரும்பவும் சொல்கிறேன், பில் பதிவுச் சான்று ஆகாது. பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: அவர் பெயரில் உள்ள பதிவுச் சான்றின் நகல்; உள்நாட்டில் குஞ்சு பொரித்ததென்றால் அந்தப் பிறப்பைப் பதிந்த விவரம்; இறக்குமதியானால் அதற்கான உரிமமும் ஏற்றுமதி நாட்டின் சைட்டீஸ் அனுமதியும். சான்றில் உள்ள அறிவியல் பெயரும் கூண்டில் இருக்கும் விலங்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். நகல் தர மறுத்தால், "அப்புறம் அனுப்பறேன்" என்றால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பின் கைமாற்றத்தையும் பதிய வேண்டும். முட்டை பொரித்தாலும், விலங்கு இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அதே தளத்தில் தெரிவித்தாக வேண்டும்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நம் காட்டில் பிடித்த இந்தியப் பச்சோந்தியை விற்றுவிட்டு, பரிவேஷில் பதிந்தால் சட்டப்படி ஆகிவிடும் என்கிறார்கள். ஆகாது. உள்நாட்டுப் பாதுகாப்பு அட்டவணையில் உள்ள இனத்துக்கு அந்தக் கடும் விதிகளே பொருந்தும். பதிவு செய்து வீட்டில் வைத்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை.

பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் உயிருள்ள ஊர்வன சிக்குவதும், சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அவற்றைப் பறிமுதல் செய்து திருப்பி அனுப்புவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. காலுறைக்குள்ளும் துணிமூட்டைக்குள்ளும் திணிக்கப்பட்டு வரும் அந்த விலங்குகளில் பல வழியிலேயே செத்துப்போகின்றன. சந்தை விலையைவிட மிக மலிவாக, ஆவணமின்றி ஒரு பச்சோந்தி உங்களுக்குக் கிடைத்தால், அது எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவை 2024-இல் தவறவிட்டவர்கள் வாங்கிய தேதியை மாற்றி எழுதாதீர்கள். உண்மைத் தேதியைப் போட்டு, தாமதத்துக்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்து விண்ணப்பியுங்கள். 2020-இல் தாமாக முன்வந்து அறிவிக்கும் திட்டத்தில் சான்று பெற்றவர்கள், புதிய விதிப்படியும் பதிந்தாகிவிட்டதா என்று சரிபாருங்கள்.

சான்று கைக்கு வந்துவிட்டதா? அப்படியானால் பராமரிப்பைப் பேசலாம். பச்சோந்தி நாய் பூனை போல மடியில் வைத்துக் கொஞ்சும் விலங்கு அல்ல. தொடுவதே அதற்கு அச்சம். உடல் கறுத்துப் போவதும், சீறுவதும், ஒடுங்கி இலைக்குப் பின்னால் போவதும் 'என்னை விடு' என்பதற்கான அறிகுறிகள். ஒரு கூண்டில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதே நோயாகிவிடும்.

வளர்ந்த ஆண் 'வெய்ல்டு'க்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரத்தில் வலைக்கூண்டு வேண்டும். மீன்தொட்டியில் அடைக்கிறார்கள், காற்று தேங்கி மூச்சுக்குழல் நோய் வருகிறது. உள்ளே கிளைகளும் உயிருள்ள இலைச்செடிகளும் இருக்கட்டும். குளிர்காயும் இடத்தில் வெப்பம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் போதும். சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடி அறைகள் அதைத் தாண்டிப் போகும். அப்போது விளக்கை அணைத்து, நிழலும் நீர்த்தூவலும் தராவிட்டால் பச்சோந்தி வெந்தே செத்துவிடும். வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

குண்டு விளக்கு வெப்பம் மட்டும் தரும். எலும்புக்கு வேண்டியது யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர். அது கிடைக்காவிட்டால் உணவில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் உடலில் சேராது. கால்கள் வளையும், தாடை ரப்பர்போல் ஆகும், நாக்கை நீட்டி இரை பிடிக்க முடியாது. நீளக் குழல் வடிவ யூ.வி.பி. விளக்கை வாங்கி, எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலில் அந்தக் கதிர் வராது. ஜன்னலோரம் வைத்திருக்கிறோம், போதாதா என்று கேட்பவர்களே அதிகம். போதாது.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் அது குடிக்காது. இலைமேல் உருளும் துளிகளை நக்கும். காலையும் மாலையும் தெளிப்பானால் தூவுங்கள், சொட்டு சொட்டாக நீர் விழும் ஏற்பாடும் செய்யுங்கள். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமானால் நீர் போதவில்லை. இரைக்குச் சுவர்க்கோழி, பட்டுப்புழு. இரைப்பூச்சிக்கும் கீரையும் காயும் போட்டு வளர்த்து, கால்சியப் பொடி தூவிக் கொடுங்கள். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சிகள் வேண்டாம். மின்மினிப் பூச்சி கூடவே கூடாது, ஒன்றே கொன்றுவிடும்.

பெண் பச்சோந்தி ஆணைப் பார்க்காமலேயே முட்டை வைக்கும். தோண்ட ஓர் அடி ஆழ ஈரமணல் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கும். முதல்முறை வளர்ப்பவர்கள் இதை அறியாமலேயே பச்சோந்தியை இழக்கிறார்கள்.

மருத்துவரை விலங்கு வாங்குமுன்பே தேடி வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து, எந்த நாளில் அதற்கான மருத்துவர் இருப்பார் என்று குறித்து வையுங்கள். பகலில் கண் மூடுவது, வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, பிடி தளர்ந்து கீழே விழுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் ஏரிக்கரையில் விட்டுவிடாதீர்கள். 1972-இல் ஹவாயின் ஓவாஹூ தீவில் செல்லப்பிராணிக் கடைக்கு வந்த ஜாக்சன் பச்சோந்திகள் வெளியே விடப்பட்டுப் பெருகி, இன்றும் அங்கே உள்ளூர்ப் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுகொண்டிருக்கின்றன. பதிவுள்ள இன்னொருவருக்குச் சட்டப்படி மாற்றிக் கொடுங்கள், இல்லையேல் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதிக் கேட்டு அவர் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். அந்தக் கடிதத்திலும் முத்திரை வாங்க மறவாதீர்கள்.