அடுப்படியும் மளிகைக் கணக்கும்: ஸ்மார்ட்போன் வாங்கும்போது பணம் எங்கே போகிறது?

2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி மாடலின் விலை 31,000 ரூபாய். ஆறு வாரங்களுக்கு முன்பு அதே போன் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்திருந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 8,600 ரூபாய். இந்தியர்களிடம் மட்டும் மூன்றரை மடங்கு விலை வாங்குகிறார்கள் என்று தோன்றியது. ஆனால் 199 டாலர் கொடுத்தவர் கூடவே ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேச்சுக்கும் டேட்டாவுக்கும் சேர்த்து மாதம் குறைந்தது சுமார் 70 டாலர். 24 மாதத்தில் 1,680 டாலர். போனின் மீதி விலை அந்த மாத பில்லுக்குள் இருந்தது. அமெரிக்கரும் முழு விலையைத்தான் கொடுத்தார், பில் வழியாக.

அந்த விலை எப்படி உள்ளே போய் உட்கார்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, போனை ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வரும் டேட்டாவும் பேச்சும் அதற்கு வந்து இறங்கும் மளிகை. சமையலறை வேறு செலவு, மளிகை வேறு செலவு. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. மளிகைக்காரரிடம் போவதற்கு முன் சமையலறையைப் பார்த்துவிடுவோம்.

அடுப்பு என்பது புராசஸர். பெட்டியின் மேல் ‘ஆக்டா கோர்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எட்டு பர்னர் என்று பொருள். எட்டும் ஒரே அளவு இல்லை. நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலும் பெரிய பர்னர் இரண்டு, சின்ன பர்னர் ஆறு. பால் காய்ச்சவும் ரசம் கொதிக்கவும் சின்னது போதும்: வாட்ஸ்அப் வருவது, பாட்டு ஓடுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. வீடியோ எடுக்கும்போதும் கேம் ஆடும்போதும் பெரியவை பற்றிக்கொள்கின்றன. நாளின் பெரும்பகுதி சின்னவையே எரிவதால்தான் பேட்டரி மாலை வரை தாங்குகிறது. ஆகவே எட்டு என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெரியவை எத்தனை, எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்று கேட்க வேண்டும்.

இந்தச் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. பெரும்பாலான போன்களில் வெப்பம் பின்புறத் தகடு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மே மாத வெயிலில் காரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை மாட்டி, மேப்பை ஓடவிட்டு, சார்ஜரையும் செருகிப் பாருங்கள்: கொஞ்ச நேரத்தில் திரை மங்கும், மேப் தயங்கித் தயங்கி நகரும். போன் கெட்டுப்போகவில்லை. சூடு எல்லை தாண்டியதால் சிப் தானாகவே தீயைக் குறைத்துக்கொண்டது. கடையின் ஏசியில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்து வாங்கும்போது இது தெரியாது.

அடுத்தது மேடை. ரேம் என்று சொல்கிறோமே, அது இதுதான். நறுக்கிய காய், பிசைந்த மாவு, தாளிக்க எடுத்து வைத்த கடுகு என்று இப்போது கைபடும் எல்லாமும் மேடையில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் எதையாவது எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். நான்கு பேரின் பெயர், வயது எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வந்துவிட்டது. ஓடிபி வருகிறது. மெசேஜைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் செயலி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நெட்வொர்க்கைத் திட்டுகிறோம். பல நேரங்களில் குற்றவாளி மேடைதான்: மெசேஜுக்கு இடம் விட, ஆண்ட்ராய்டு டிக்கெட் செயலியை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. 4 ஜிபி ரேம் உள்ள போனில் இது அன்றாடம் நடக்கும். 8 ஜிபியில் அபூர்வம்.

‘8+8 ஜிபி’ என்று சில பெட்டிகளில் போட்டிருப்பதில் இரண்டாவது எட்டு மேடையே இல்லை. சாமான் அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி, மேடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அங்கே போய் எடுத்து வர வேண்டும். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

அந்த அலமாரிதான் ஸ்டோரேஜ். அதன் அளவை எல்லோரும் பார்க்கிறார்கள், வகையைப் பார்ப்பவர் குறைவு. மலிவான போன்களில் இன்னும் இஎம்எம்சி வகை வருகிறது. அதைவிட யுஎஃப்எஸ் வகை பல மடங்கு வேகம். செயலிகள் சட்டென்று திறப்பதும் தயங்குவதும் பெரிதும் இதைப் பொறுத்தது. அலமாரி முழுக்க அடைந்துவிட்டால் எந்த வகையானாலும் வேகம் குறையும். குடும்பக் குழுக்களின் படங்களும் வீடியோக்களும் வந்து குவியும் போனுக்கு 128 ஜிபி குறைந்தபட்சம்.

ஒரே விலையில் வேகமான அடுப்பா, அகலமான மேடையா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், பேச்சு, வங்கிச் செயலி, படம், யூடியூப் என்று புழங்கும் வீட்டுக்கு நான் மேடையைத்தான் சொல்வேன். விளம்பரம் அடுப்பைப் புகழ்கிறது; மூன்றாம் வருடம் அழவைப்பது மேடையும் அலமாரியும்தான்.

இனி மளிகைக்காரர். அமெரிக்க ஒப்பந்தத்தில் அவர் சொன்னது இதுதான்: “சமையலறையைக் குறைந்த விலைக்கு நானே அமைத்துத் தருகிறேன். 24 மாதம் மளிகை என்னிடம் மட்டும்தான் வாங்க வேண்டும்.” மீதி விலையை அரிசியிலும் பருப்பிலும் ஏற்றி மாதாமாதம் எடுத்துக்கொண்டார். வேறு கடைச் சாமான் உள்ளே வராதபடி கதவுக்கு ஒரு பூட்டும் போட்டார். சிம் லாக் என்பது அந்தப் பூட்டு. பாதியில் விலகினால் அபராதம்: 2010 ஜூன் முதல் ஏடி அண்ட் டியில் ஸ்மார்ட்போனுக்கு 325 டாலர், முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அதில் 10 டாலர் கழிவு. ஒரு வருடம் கழித்துப் போக நினைத்தவருக்கு 205 டாலர்.

இதில் என்னை உண்மையாகவே கோபப்படுத்தும் ஒன்று உண்டு. 24 மாதம் முடிந்து சமையலறையின் விலை முழுக்க அடைந்துவிட்டாலும் மளிகை விலை இறங்கவில்லை. 25-ஆம் மாதமும் அதே 70 டாலர்தான். பழைய போனையே வைத்திருந்த சிக்கனக்காரர், ஏற்கெனவே தீர்த்த கடனுக்கு மாதாமாதம் மறுபடி கட்டினார். போன் நன்றாக ஓடும்போதே புதுசு வாங்கும்படி மனிதரைத் தள்ளிய ஏற்பாடு அது. 2013 மார்ச்சில் டி-மொபைல் என்ற இன்னொரு நிறுவனம் அந்த ஒரே சீட்டை இரண்டாகப் பிரித்தது: ஐபோன் 5-க்கு முதலில் சுமார் 100 டாலர், பிறகு மாதம் 20 டாலராக 24 மாதம், இணைப்புக்குத் தனி பில். தவணை முடிந்த மாதம் 20 டாலர் குறைந்தது. சமையலறையின் விலை 580 டாலர் என்று கண்ணுக்குத் தெரிந்தது. 2016 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் இரண்டு வருட ஒப்பந்தத்தை நிறுத்தியது.

ஆனால் கட்டு வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இப்போது அங்கே பெரிய நிறுவனங்கள் ‘இலவசமாக’ போன் தருவது பெரும்பாலும் 36 மாதம் வரை நீளும் பில் கழிவு மூலம். 1,080 டாலர் போன் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் மாதம் 30 டாலர் தவணை ஏறும், அடுத்த வரியில் 30 டாலர் கழிவு வரும். 14 மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போனால் கழிவு நின்றுவிடும். மீதி 22 தவணை, 660 டாலர், உங்கள் தலையில். அபராதம் என்ற சொல் எங்கும் இருக்காது.

இந்தியாவில் இந்த ஏற்பாட்டைப் பலர் முயன்று பார்த்தார்கள். 2003-இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முதலில் கட்டினால் சிடிஎம்ஏ போன் கையில் என்று ‘மான்சூன் ஹங்காமா’ கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் வாங்கினார்கள்; பலர் பில் கட்டாமல் விட்டதால் நிறுவனத்துக்குப் பெரும் வாராக்கடன் விழுந்தது. 2021-இல் ஜியோபோன் நெக்ஸ்ட் 6,499 ரூபாய். தவணை வழியில் 1,999 முன்பணம், 501 கட்டணம், டேட்டாவோடு சேர்த்து மாதம் 300 ரூபாய் முதல் 24 மாதம். குறைந்த தவணையில் மொத்தம் 9,700. டேட்டாவும் அதில் அடக்கம் என்பதால் கெட்ட பேரம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் மளிகைக் கட்டு அதுவே. இவை பரவாததற்குக் காரணம் எளிது: நம் இணைப்புகளில் பத்தில் சுமார் ஒன்பது ப்ரீபெய்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் உறவு முடிந்தது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதியும் நாடு முழுக்க வந்துவிட்டது. கட்டிப்போட முடியாதவருக்கு யார் சமையலறை அமைத்துத் தருவார்?

அந்த இடத்துக்குக் கடன் கொடுப்பவர் வந்தார். கடைக் கவுன்டரில் கேட்கும் பேச்சு எல்லோருக்கும் பழக்கம்.

“இப்ப கையில இருந்து எதுவும் வேணாம் சார். ஆறு மாசம், நாலாயிரம் நாலாயிரமா போயிடும். வட்டியே கிடையாது.”

“மொத்தமா இப்பவே கட்டினா எவ்வளவு தம்பி?”

“அதே இருபத்து நாலுதான் சார்.”

இந்தக் கடைசி பதிலில்தான் வட்டி இருக்கிறது. வங்கி இலவசமாகக் கடன் தருவதில்லை. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று கொண்டால், மாதம் 4,000 வீதம் ஆறு தவணைக்கு வங்கி தரும் கடன் 22,984 ரூபாய்தான். மீதி 1,016 வட்டி. போன் நிறுவனமோ கடையோ 24,000-இல் அந்த 1,016-ஐத் தள்ளுபடியாகக் கழித்துக் கொடுக்கிறது. நீங்கள் அதை வட்டியாக வங்கிக்குக் கட்டுகிறீர்கள். கணக்கு நேராகிவிட்டது போலத் தெரியும். ஆனால் தவணை கிரெடிட் கார்டில் என்றால் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு: 183 ரூபாய். வங்கியின் செயல்முறைக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 418 ரூபாய் கூடுதல், அடுத்தடுத்த ஸ்டேட்மென்ட்டுகளில் வரும். ரொக்கமாகக் கட்டுபவருக்கோ 1,016 ரூபாய்த் தள்ளுபடி போய்விட்டது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 சுற்றறிக்கையிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே முழுப் பணமும் கையில் இருப்பவர் கடையில் கேட்க வேண்டியது: “ஈஎம்ஐக்கு நீங்க கழிக்கிறதை எனக்கு விலையிலயே கழிப்பீங்களா?” சில கடைகள் சம்மதிக்கும்.

418 ரூபாய் பெரிய தொகை இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு 24,000-ஐ ஆறாகப் பிரிப்பது நியாயமான வசதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கவலை கார்டு இல்லாதவரைப் பற்றியது. நிதி நிறுவனத்தின் தவணையில் முன்பணம், கோப்புக் கட்டணம் இவற்றோடு, கேட்காமலே திரைக் காப்பீடும் ‘புரொடெக்‌ஷன் பிளானும்’ ஏறிவிடும் வழக்கம் உண்டு. தவணை தவறினால் திரையை முடக்கும் செயலியைப் போனிலேயே போட்டுக் கொடுத்ததும் உண்டு. டெலிவரி வேலை பார்ப்பவரின் போன் முடங்கினால் தவணை கட்டுவதற்கான வருமானமும் அன்றே நிற்கிறது. சமையலறையைப் பூட்டிவிட்டு, சமைத்து விற்றுக் கடனை அடை என்று சொல்வதற்குச் சமம்.

இத்தகைய கடனில் கையெழுத்துக்கு முன் ஒரு தாளைக் கேட்டு வாங்கும் உரிமை இப்போது இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன் தருபவர், முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கடைப் பையன் சொல்லும் மாதத் தொகையை விட்டுவிட்டு அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். ‘பூஜ்யம்’ என்று சொல்லப்பட்ட கடன் அங்கே பூஜ்யமாக இருக்காது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் போனுக்கும் ஒரு கேள்வி உண்டு: தவணை முடிந்துவிட்டதா? தவணை முடியாத போனில் சிம் பூட்டு இருக்கலாம். இங்கே எந்த சிம்மும் ஏற்காது. 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, ஈசிம் மட்டும்தான். பெட்டியில் வைப்பதற்கு முன்பே அங்குள்ள நிறுவனத்திடம் பூட்டு திறந்தாகிவிட்டதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எந்த வழியில் கட்டினாலும் தவணையின் நீளத்தைப் போனின் ஆயுளோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் வங்கிச் செயலியை வைத்திருப்பது ஆபத்து. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் அறிவித்தன. மலிவு மாடல்கள் பலவற்றில் அது மூன்று, நான்கு வருடம்தான். கணக்கு தொடங்குவது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. பண்டிகைத் தள்ளுபடியில் அள்ளிக் கொடுக்கும் போன் வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். நான்கு வருட அப்டேட், 24 மாதத் தவணை என்றால் கடனும் பாதுகாப்பும் ஒரே மாதத்தில் முடிகின்றன. அப்டேட் முடியும் தேதியைப் பெட்டியில் போட மாட்டார்கள். கூகுள் போன்றவை தங்கள் தளத்தில் மாடல்வாரியாக வெளியிடுகின்றன. கடைக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.