முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேளுங்கள்

கூடலூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி மலையேறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறும் பெண்களில் பெரும்பகுதி நம் தெருக்களைச் சேர்ந்தவர்கள். இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும்.

அந்த ஜீப்புகள் போய் நாலைந்து மணி நேரம் கழித்து, காலை பத்து மணிவாக்கில், ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும். ஒரே நிறத் தொப்பி போட்ட மாணவர்கள் இறங்குவார்கள். மழைநீர் சேகரிப்போம், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம் என்று முழக்கமிட்டபடி தெருவைச் சுற்றி வருவார்கள். கேட்பதற்குத் திண்ணையில் இரண்டு கிழவிகளும், காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாத ஒரு பையனும், கட்டிப்போட்ட ஆடும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கூடலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில் இப்படியொரு முகாமைப் பார்த்தேன். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பது வேண்டாம். பல ஊர்களின் கதைதான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கையில் படிவத்தோடு ஒரு பாட்டியின் எதிரே உட்கார்ந்து வாசித்தார்: "நீர்ச் சிக்கனம் குறித்த விழிப்புணர்வு தங்களுக்கு உள்ளதா?"

"என்ன கேக்குது இந்தப் புள்ள?" என்று பாட்டி என்னைப் பார்த்தார்.

"தண்ணியைச் சேமிக்கிறீங்களான்னு கேக்குது, அப்பத்தா."

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. அதுலயும் எனக்குக் கெடைக்கிறது மூணு கொடம். அதுல எதைத் தாயீ சேமிக்க, எதைச் செலவழிக்க?"

படிவத்தில் இருந்தது ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள். மாணவி கொஞ்சம் தயங்கி, 'இல்லை'யில் டிக் அடித்தார்.

வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காத கிழவி, அரிசி களைந்த தண்ணீரை ஆட்டுக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் ஊற்றுகிறவர், அந்த அறிக்கையில் விழிப்புணர்வு இல்லாதவர் ஆகிவிட்டார். அந்த மாணவி மேல் தப்பில்லை. படிவத்தைத் தயாரித்தவர்கள் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள் இல்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் கொள்கை. கருவேலம் வெட்டுவது, ஊருணி தூர்வாருவது, வரத்துக்கால் சீர்செய்வது என்று நம் கிராமங்களில் மாணவர்கள் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல. அந்த வியர்வையில் என்னுடையதும் உண்டு.

கல்லூரியில் படிக்கும்போது ஓர் ஊருணியில் ஏழு நாள் வண்டல் அள்ளினோம். மூன்றாம் நாள் மத்தியானம், கரையோரத்து வீட்டு அம்மா ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல மனுஷி, வெயிலில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்துத் தானாகவே கொண்டுவந்தவர். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே கொடுத்தார். என் முறை வந்தது. ஊரைச் சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். செம்பு என் கைக்கு வரவில்லை. "கையை ஏந்துப்பா" என்றார். மேலேயிருந்து ஊற்றினார். குனிந்து குடித்தேன்.

பக்கத்தில் நின்ற நண்பன் ஒரு நிமிடத்துக்கு முன் அதே செம்பில் குடித்தவன். சம்சாரி வீட்டுப் பையன். அன்று ராத்திரி எதுவும் பேசவில்லை. மறுநாள் அந்த அம்மா செம்போடு வந்தபோது, அவனும் கையை ஏந்தினான். "உனக்கெதுக்குய்யா, வாங்கிக் குடி" என்றார் அவர். "இருக்கட்டும்மா, ஊத்துங்க" என்றான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையை ஏந்தினார்கள். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால், அவன் வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். முகாம் அறிக்கையில் 'ஊர்மக்கள் நல்ல ஒத்துழைப்பு அளித்தனர்' என்று எழுதி முடித்தார்கள். எத்தனை கன அடி வண்டல் என்பதுகூட அதில் இருந்தது. அந்த ஊருணியில் என் தெருவைப் போன்ற தெருக்காரர்கள் குடம் முக்கலாமா என்பது இல்லை.

தகவல் தொடர்பு என்றும் பன்முகத்தன்மை என்றும் இன்று கல்லூரிகளில் பாடம் வைக்கிறார்கள். சேவை செய்துகொண்டே கற்பது நல்ல முறைதான். மதுரை லேடி டோக் கல்லூரி போன்றவை அதைப் படிப்போடு இணைத்திருக்கின்றன. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 2014-இல் வந்த உன்னத பாரத இயக்கம் கல்லூரிகளைக் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறது. என் கேள்வி ஒன்றுதான். மாணவர் தங்குவது ஊருக்குள் பள்ளிக்கூடத்திலா, காலனிச் சமுதாயக்கூடத்திலா? ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார்கள்.)

நம் பள்ளத்தாக்கின் தண்ணீருக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு ஒப்பந்தம், 1895-இல் பென்னிகுவிக்கின் அணை, லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு இறங்கி வரும் தண்ணீர், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்லுவார். பென்னிகுவிக்குக்கு நாம் பொங்கல் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் காட்டுக்காய்ச்சலிலும் காலராவிலும் அந்த மலையில் செத்த கூலிகளில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கண்மாய்க்கும் அதே கணக்குதான். குடிமராமத்து என்றால் ஊர்கூடித் தேர் இழுத்தது போல எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்று மேடையில் பேசுகிறார்கள். 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்து என்றால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க அதில் இடம் இருந்தது. உழைக்கும் வகுப்பு என்று எழுதினால் எந்தத் தெருவுக்கு ஆள் போயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மடை திறந்து, கழனிக்குக் கழனி முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களை நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையர் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் அழைத்தார்கள். தென்மாவட்டங்களில் பல கண்மாய்களில் அது தலித்துகளின் வேலை. நள்ளிரவில் மழை பிடித்தால் கரைக்கு ஓடுகிறவர் அவர்தான். எந்த மடையில் எத்தனை விரற்கடை திறந்தால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்பது அவருக்கு மனப்பாடம். 'மடையன்' என்ற வசை எங்கிருந்து பிறந்தது என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கரையில் லாந்தர் விளக்கோடு நிற்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். கண்மாயைப் பற்றி அவரிடம் பாடம் கேட்க வேண்டிய மாணவர், அவர் பேரனுக்கு விழிப்புணர்வு ஊட்டத் துண்டறிக்கையோடு போகிறார்.

பேச்சு மொழியும் அப்படித்தான். கூடலூர், கம்பம் தெருக்களில் ஒரு நாள் நின்று கேளுங்கள். வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு. தெலுங்கு பேசும் அருந்ததியர் உண்டு. ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் கங்காணியிடம் மலையாளத்தில் கூலிக்கணக்குப் பேசுவார்கள். கண்ணகி கோயில் மலையடிவாரத்தில், பளியன்குடியில் பளியர்கள் இருக்கிறார்கள். காட்டில் எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பன்முகத்தன்மை இப்படி வாசல்படியில் உட்கார்ந்திருக்க, நாம் அதை வகுப்பறைத் திரையில் தேடுகிறோம்.

தோட்டக்கலை, வேளாண் கல்லூரி மாணவர்கள் நம் மாவட்டக் கிராமங்களில் தங்கும்போது, கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர்மக்களையே வரையச் சொல்லும் அருமையான முறை அது. ஆனால் நான் பார்த்தவற்றில் பல, மந்தையில் கோயில் முன்னால் போட்டவை. மந்தையில் தொடங்கினால் கோயில் நடுவில் வரும், கண்மாய் பெரிதாக வரும், பெரிய வீடுகள் எல்லாம் வரும். நம் தெரு கடைசியில் ஒரு மூலையில், கொஞ்சம் மிச்சமிருக்கும் பொடியில் வரும். சில படங்களில் அதுவும் இல்லை.

தண்ணீர் சாதி இல்லாத பொருள் என்று நினைக்கிற மாணவர்களுக்கு இரண்டு நாட்களைச் சொல்ல வேண்டும். 1927 மார்ச் 20: மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆடுமாடு குடித்த அந்தக் குளத்தை, அவர்கள் குடித்த பிறகு, சாணமும் கோமியமும் ஊற்றித் 'தீட்டுக் கழித்தார்கள்'. 2022 டிசம்பர் 26: புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. ஆட்சியர் அங்கே போனபோது அந்த வட்டாரத்துத் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் வெளிப்பட்டது. இவை இரண்டுக்கும் முன்பே, 1924-இலேயே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுக்கிணறும் பொதுப்பாதையும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உரிமை தருகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு முகாமுக்குப் போகிறவருடைய கண்ணில் ஊருணி வேறு மாதிரிப் படும்.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அனுபவத்தில் சில சொல்லலாம். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். ஜீப் திரும்பிய பிறகு போங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. போனதும் படிவத்தை எடுக்காதீர்கள். குடிக்க ஒரு செம்பு தண்ணீர் கேளுங்கள். கையிலிருக்கும் பாட்டில் பையிலேயே இருக்கட்டும். உங்களில் யார் அந்தச் செம்பை வாங்கி வாய்வைத்துக் குடிக்கிறார், யார் தாகமில்லை என்கிறார் என்று அந்தத் தெரு பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் பேசப்போவதைக் கேட்பதா வேண்டாமா என்பதை அது அப்போதே முடிவுசெய்துவிடும்.

பிறகு குடத்தை எண்ணுங்கள். ஜல் ஜீவன் திட்டப்படி ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வர வேண்டும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 275 லிட்டர். பெரிய பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய இருபது குடம். ஊருக்குள் ஒரு குழாயிலும் நம் தெருவில் ஒரு குழாயிலும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, எத்தனை குடம் நிறைகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மார்ச் 22 தண்ணீர் நாள் கிராமசபையில் அந்தத் தெருப் பெண்களோடு உட்காருங்கள். அவர்கள் பேசட்டும், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக் அடித்த அந்த மாணவி, முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோழிகளோடு திரும்ப வந்தார். யாரும் அனுப்பவில்லை, வருகைப்பதிவும் இல்லை. அந்த ஒரு டிக் உறுத்திக்கொண்டே இருந்தது என்றார். பாட்டியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சாயங்காலம் பெண்கள் கூடியதும், கையிலிருந்த கோலப்பொடியைக் கொடுத்து, உங்கள் ஊர்த் தண்ணீரை வரைந்து காட்டுங்கள் என்றார்.

முதலில் ஒரு புள்ளி வைத்தார்கள். அது அவர்கள் தெருக்குழாய். அங்கிருந்து ஒரு கோடு ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனது; குழாய் வராத நாளில் கெஞ்சிக் குடம் நிரப்பும் இடம். இன்னொரு கோடு கண்மாயின் கழுங்குக்கு. ஒன்று துவைக்கப் போகும் வாய்க்காலுக்கு. எந்தக் கரையில் இறங்கலாம், எந்தக் கரையில் இறங்கினால் சத்தம் போடுவார்கள் என்பதற்குச் செங்கல்பொடியில் தனி அடையாளம் போட்டார்கள். தெரு நிறைந்துவிட்டது.

"ஊர் எங்கக்கா?" என்று கேட்டார் மாணவி.

பொடியைக் கையில் வைத்திருந்த பெண் சுற்றுமுற்றும் பார்த்தார். சாக்கடை ஓரமாகக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. "அது அங்கிட்டு ஓரமா இருக்கும். வேணும்னா போட்டுக்க" என்றார்.