குதிரை மாறலாம், சேணம் மாறலாமா?

ஓவியரிடம் அவருக்கென்று தூரிகைகள் இருக்கின்றன. நாகசுரக் கலைஞர் தமது சீவாளியைத் தாமே தேர்ந்து, பதம் பார்த்துப் பாதுகாக்கிறார். முடிதிருத்தும் தொழிலாளிகூடத் தமது கத்தரியை இன்னொருவர் கையில் எளிதில் கொடுத்துவிடுவதில்லை. ஆனால், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து பணியாற்றுவோரில் பெரும்பாலோர், தம் விரல்கள் ஓயாமல் தட்டும் விசைப்பலகையைத் தாமாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை. கணினியோடு எது வந்ததோ, அலுவலகம் எதைக் கொடுத்ததோ, அதற்கே கையைப் பழக்கிக்கொள்கிறோம். இது சரிதானா என்ற கேள்வியைச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையையும் செய்து காட்டியவர் ஜப்பானியக் கணினி அறிஞர் எய்ச்சி வாதா.

1931-இல் பிறந்த வாதா, ஜப்பானில் கணினி அறிவியல் தளிர்விட்ட காலத்தைச் சேர்ந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1958-இல் இயங்கத் தொடங்கிய பிசி-1 என்ற தொடக்ககாலக் கணினிக்கு நிரல் எழுதியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். நிரல் மொழிகளில் தேர்ந்த அந்தப் பேராசிரியரின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது, மிகச் சாதாரணமான ஒரு மேசைக் கருவி.

உறுத்தலுக்குக் காரணம் இருந்தது. 1980-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒவ்வொரு விசையமைப்பு. எழுத்துகளின் இடம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், அவற்றைச் சுற்றியுள்ள விசைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. குறிப்பாக, கன்ட்ரோல் விசை. நிரலாளர்கள் இதை அழுத்தியபடியே வேறோர் எழுத்தைத் தட்டித்தான் பல கட்டளைகளைப் பிறப்பிப்பார்கள். ஆய்வுக்கூடங்களில் புழங்கிய சன் நிறுவனக் கணினிகளில் அது ‘ஏ’ விசைக்கு இடப்புறம், சுண்டுவிரல் எட்டும் தொலைவில் இருந்தது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் தனிநபர் கணினியிலும் அதே இடம்தான். ஆனால், 1980-களின் நடுவில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 101 விசைகள் கொண்ட பலகை, கன்ட்ரோலைக் கீழ்மூலைக்குத் தள்ளிவிட்டு, அந்த நல்ல இடத்தை எப்போதாவது பயன்படும் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்தது. உலகம் அதையே பின்பற்றியது. இன்றும் நம் மேசைகளில் இருப்பது அந்த அமைப்புதான்.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்த வேண்டிய விசை இரண்டு அங்குலம் தள்ளிப்போனால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வொரு முறையும் கை தன் இருப்பிடத்தை விட்டு விலகித் திரும்ப வேண்டும். ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மணிக்கட்டுக்கும் சுண்டுவிரலுக்கும் அது சுமை. அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் வேறொரு கணினி என்று மாறி மாறிப் பணியாற்றுபவருக்கோ விரல்களின் பழக்கமே குலைந்துபோகிறது.

1992-இல் ‘அலெஃப்’ என்ற பெயரில் தாம் விரும்பிய விசையமைப்பை வாதா முன்மொழிந்தார். எந்த விசை இல்லாவிட்டால் எழுதவே முடியாதோ அதை மட்டும் வைத்துக்கொள்வது. மற்றவற்றை நீக்குவது அல்லது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திப் பெறுவது. இந்த எண்ணத்தை பிஎஃப்யூ என்ற ஜப்பானிய நிறுவனம் பொருளாக்கியது. 1996 டிசம்பரில் ‘ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு’ விற்பனைக்கு வந்தது. ‘ஹேக்கிங்’ என்பதற்கு இங்கே திருட்டுத்தனம் என்று பொருளில்லை. நிரல் எழுதுவதை மகிழ்ச்சியாகக் கொண்டவர்கள் தம் வேலைக்கு வைத்துக்கொண்ட பழைய பெயர் அது.

அந்தப் பலகையில் மொத்தம் 60 விசைகள். அளவு ஏ4 தாளில் ஏறத்தாழப் பாதி. வலப்புற எண் பகுதி இல்லை. மேல்வரிசைச் செயல் விசைகள் இல்லை. தனியாக அம்புக்குறி விசைகளும் இல்லை. கன்ட்ரோல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. பிழையை அழிக்கும் விசை ஒரு வரிசை கீழிறங்கி விரலுக்கு அருகில் வந்தது. இணைப்புக் கம்பியை மாற்றினால் ஐபிஎம் வகைக் கணினி, சன், மேக்கின்டோஷ் ஆகிய மூன்றிலும் பொருத்தலாம். அதாவது, கணினி எதுவானாலும் பலகை ஒன்றே.

இதற்கு வாதா சொன்ன உவமை புகழ்பெற்றது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு மேய்த்தவர்கள், வழியில் குதிரை இறந்துபோனால் அதை அங்கேயே விட்டுவிடுவார்களாம். ஆனால், பாலையில் எவ்வளவு தொலைவு நடக்க நேர்ந்தாலும் சேணத்தை மட்டும் தோளில் சுமந்து செல்வார்களாம். குதிரைக்கு வேறொரு குதிரை கிடைக்கும். தன் உடலுக்குப் பழகிய சேணம் கிடைக்காது. கணினியும் அப்படித் தேய்ந்து மாறும் பொருள்தான். விசைப்பலகையோ மனிதனோடு உறவாடும் பகுதி, வாழ்நாள் முழுவதும் உடன் வர வேண்டியது என்பது அவர் கருத்து.

கருவிகள் மீதான இந்த அக்கறை வாதாவோடு தொடங்கியதல்ல. கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் தம் ஆய்வை உலகுக்குக் காட்டியபோது, அவரது வலக்கையில் சுட்டெலியும் இடக்கையில் ஐந்தே விசைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன. தம் நூலின் அச்சுப்படி அழகாக இல்லை என்ற வருத்தத்தில் டொனால்ட் நூத் 1977-இல் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருளான ‘டெக்’, இன்றும் உலகெங்கும் கணித நூல்களை அச்சேற்றுகிறது. தனிமனிதர்களின் மனக்குறை பொதுச் சொத்தான கதைகள் இவை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 60 விசைப் பலகை எல்லோருக்கும் உகந்ததல்ல. நாளெல்லாம் எண்களைப் பதியும் வங்கி ஊழியருக்கு வலப்புற எண் பகுதி இல்லாவிட்டால் வேலையே ஓடாது. நல்ல விசைப்பலகையின் விலை சில நேரம் ஒரு எளிய கைப்பேசியின் விலையை எட்டுகிறது. மேலும், மேசைக் கருவிகளைச் சேகரிப்பதே இன்று ஒரு மோகமாகிவிட்டது. வண்ண விளக்குகளுக்காகவும் ஓசைக்காகவும் பலகை மேல் பலகையாக வாங்கிக் குவிப்போர் உண்டு. வாதாவின் நோக்கம் அதற்கு நேர் எதிரானது. அவர் பல பலகைகளை அல்ல, ஒன்றைத் தேடினார்; அதிலும், கூட்டிக்கொண்டே போகாமல், வேண்டாதவற்றைக் கழித்தார்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பலகையையே அல்ல. அதற்குப் பின்னால் இருந்த கேள்வியை. புதிய கணினிகளை வாங்கும்போது அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் கூர்ந்து ஒப்பிடுகின்றன. விசைப்பலகை, நாற்காலி, மேசையின் உயரம் ஆகியவை பட்டியலின் கடைசியில், எது மலிவோ அது என்று முடிந்துவிடுகின்றன. செயலி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதே கைகளோடும் அதே முதுகோடும் அந்த ஊழியர் இன்னும் 30 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். வாங்கும் முன் அவரை ஒரு முறை அமரவைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்வதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.