பெல்கிரேடில் எடுத்த கிண்ணம்

பந்தும் ஊரும் – 9

1991 மே 8. பெல்கிரேட் நகரில் மார்ஷல் டிட்டோ கிண்ண இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரெட் ஸ்டார் அணி. அந்த ஆண்டு ஐரோப்பாவில் அதற்கு முன்னால் நிற்கக்கூடிய அணிகள் மிகக் குறைவு. மறுபக்கம் அட்ரியாட்டிக் கடலோரத்து ஸ்பிளிட் நகரிலிருந்து வந்திருந்த ஹைடுக். ஆறு நாட்களுக்கு முன்தான் போரோவோ செலோ என்ற கிராமத்தில் பன்னிரண்டு குரோஷியப் பொலிஸார் கொல்லப்பட்டிருந்தார்கள். யூகோஸ்லாவியா கண்முன்னே உடைந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில் செர்பியத் தலைநகருக்குப் போய் ஒரு குரோஷிய அணி ஆடியது. இரண்டாவது பாதியில் அலென் போக்ஷிச் அடித்த ஒரே கோலுடன் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியது.

அடுத்த மூன்று வாரத்தில் அதே ரெட் ஸ்டார் இத்தாலியின் பாரி நகரில் ஐரோப்பிய சம்பியனானது. ஜூன் 25ஆம் திகதி குரோஷியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. யூகோஸ்லாவியாவை நெடுங்காலம் ஆண்ட டிட்டோவின் பெயரில் நடந்த கிண்ணப் போட்டி அந்த ஆண்டோடு சரி. கடைசியாக வென்றவர்களிடமே கிண்ணம் தங்கிவிட்டது.

அன்றைய போட்டியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவர்களில் ஒருவர் ஹைடுக்கின் பின்கள வீரர் இகோர் ஸ்டிமாச். நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் அவர்தான். 2021 ஒக்டோபரில் மாலேயில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் அவருடைய இந்திய அணியை இலங்கை கோல் இன்றிச் சமநிலையில் நிறுத்தியது. அன்று இலங்கை அணியின் பயிற்றுவிப்பாளர் அமீர் அலாகிச். அவரும் பழைய யூகோஸ்லாவியாவில், பொஸ்னியாவில் பிறந்தவர்.

ஒரு கழகத்தின் வரலாற்றை அது ஆடிய உள்நாட்டுப் போட்டிகளின் வழியாகச் சொல்வதுதான் வழக்கம். எந்த ஆண்டு லீக், எந்த ஆண்டு கிண்ணம் என்று அட்டவணை போட்டுவிடலாம். ஹைடுக்குக்கு அது போதாது. இந்தக் கழகம் இருக்கும் இடத்திலேயே இருக்க, உள்நாடு என்பதே அதன் தலைக்குமேல் மாறிக்கொண்டிருந்தது. ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசு, யூகோஸ்லாவிய முடியாட்சி, இத்தாலிய ஆக்கிரமிப்பு, சோசலிச யூகோஸ்லாவியா, இன்றைய குரோஷியா என்று ஐந்து ஆட்சிகளை அது பார்த்துவிட்டது. எந்தப் போட்டியில் ஆடுவது, எதில் ஆட மறுப்பது என்று ஒவ்வொரு முறையும் ஊர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. என் கணக்கில் ஹைடுக்கின் உண்மையான சாதனைப் பட்டியல் அந்த மறுப்புகள்தான்.

தொடக்கம் ஸ்பிளிட்டில் அல்ல, பிராக் நகரில். அங்கே படித்துக்கொண்டிருந்த ஸ்பிளிட் மாணவர்கள் ஃபாப்யான் கலிட்டெர்னா, லூசியான் ஸ்டெல்லா, இவான் ஷாக்கிச், வ்யெகோஸ்லாவ் இவானிஷெவிச் ஆகியோர் ஸ்லாவியா – ஸ்பார்டா போட்டியைப் பார்த்துவிட்டு, ஊ ஃப்ளேக்கு என்ற பழைய மதுச்சாலையில் கூடினார்கள். நம்ம ஊருக்கும் ஒரு கழகம் வேண்டும் என்று அங்கேயே முடிவானது. 1911 பெப்ரவரி 13 பதிவு. யோசிப் பராச் என்ற பேராசிரியர் பெயர் சூட்டினார். ஹைடுக் என்றால் துருக்கிய ஆட்சிக் காலத்தில் மலைகளில் ஒளிந்திருந்து அதிகாரத்தை எதிர்த்தவன். அரசுக்குக் கொள்ளைக்காரன், ஊருக்கு வீரன். மாத்தளைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1848 கிளர்ச்சியில் இங்கே நின்ற புரன் அப்பு அப்படித்தான் தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்டவர். அந்த ஓகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் தேசிய வீரர்.

1911 ஜூன் 11 அன்று முதல் போட்டி. ஸ்பிளிட்டிலிருந்த இத்தாலியர்களின் கால்ச்சோ புந்திலியோ கழகத்துக்கு எதிராக 9–0. முதல் கோல் அடித்த ஷிமே ரௌனிக்கின் முழங்காலில் பட்டுத்தான் பந்து வலைக்குள் போனதாம். நூறு வருடத்துக்கு மேலாகியும் ஊர் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது.

யூகோஸ்லாவிய முடியாட்சியில் 1923இல் தேசிய சம்பியன் போட்டி தொடங்கியது. 1927இலும் 1929இலும் ஹைடுக் சம்பியன்.

1941 ஏப்ரலில் இத்தாலி ஸ்பிளிட்டைப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஏ.சி. ஸ்பலாட்டோ என்று பெயரை மாற்றிக்கொண்டால் இத்தாலியின் முதல்தர லீக்கான சீரி ஆவில் இடம் தருவதாக ஒரு வாய்ப்பு வந்தது. அன்றைய உலகின் மிகப் பெரிய லீக்குகளில் ஒன்று அது. புதிய வசதிகளும் கைகூடியிருக்கும். ஹைடுக் மறுத்துவிட்டது. 1943இல் இத்தாலி சரணடைந்த பிறகு, நாஜிகளின் தயவில் இருந்த குரோஷிய அரசின் லீக்கிலும் ஆடவில்லை. பந்து விளையாட வந்தவர்கள் விளையாடாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒரு ஆட்டக்காரனின் நல்ல வயது பத்து வருடம். அதில் மூன்று நான்கை இவர்கள் கொடுத்தார்கள்.

1944இல் வீரர்கள் ஒவ்வொருவராக மீன்பிடிப் படகுகளில் நழுவி விஸ் தீவுக்குப் போனார்கள். நேச நாடுகளின் தளம் அப்போது அங்கேதான். ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட பார்டிசான் படைகளின் தலைவர் டிட்டோவின் தலைமையகமும் விரைவில் அங்கே வந்தது. மே 7ஆம் திகதி கழகம் அந்தத் தீவில் மறுபடி கூடியது. சட்டையில் சிவப்பு நட்சத்திரம் ஏறியது. செப்டெம்பர் 23 அன்று பாரி நகரில் பிரித்தானிய இராணுவ அணியைச் சந்தித்தது. எதிரணித் தலைவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரர் ஸ்டான் கல்லிஸ். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையினர் பார்க்க, ஹைடுக் 7–2 என்று தோற்றது. அந்தத் தோல்வியைக் கழக வரலாறு மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறது. அங்கிருந்து எகிப்து, பலஸ்தீனம், லெபனான், சிரியா, மோல்ட்டா என்று போர் முடியும்வரை ஆடிக்கொண்டே சுற்றினார்கள். சுதந்திர பிரான்ஸின் கௌரவ அணி என்ற பட்டம் டி கோலிடமிருந்து வந்தது.

போர் முடிந்ததும் இன்னொரு அழைப்பு. தலைநகர் பெல்கிரேடுக்கு வந்து இராணுவத்தின் அணியாகிவிடுங்கள் என்றார்கள். வென்ற அரசின் அழைப்பு, தாங்களே சண்டையிட்ட பக்கத்தின் அழைப்பு. முதல் மறுப்பை விட இது கடினமானது என்று நினைக்கிறேன். எதிரிக்கு முடியாது என்று சொல்லிவிடலாம். நம்முடைய ஆட்களிடம் சொல்வதுதான் சங்கடம். ஹைடுக் ஸ்பிளிட்டிலேயே இருந்தது. இராணுவம் பெல்கிரேடில் பார்டிசான் என்று தனக்கொரு கழகத்தை உருவாக்கிக்கொண்டது.

1950இல் ஒரு போட்டியிலும் தோற்காமல் ஹைடுக் லீக்கை வென்றது. அந்த ஒக்டோபர் 28ஆம் திகதி, ரெட் ஸ்டாருடனான போட்டிக்கு முதல்நாள், இரசிகர்கள் டோர்சிடா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் பிரேசில் இரசிகர்களின் ஆரவாரம் பற்றி அறிந்ததில் வந்த பெயர் அது. ஐரோப்பாவின் மிகப் பழைய இரசிகர் அமைப்பு இன்றும் இதுதான். மறுநாள் மணியும் விசிலும் கொடியுமாக மைதானம் அதிர்ந்தது. ஹைடுக் 2–1 என்று வென்றது. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இது பொறுக்கவில்லை. அமைப்பைத் தடைசெய்தார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் சிறைக்குப் போனார். அணித்தலைவர் ஃபிரானே மத்தோஷிச் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். நட்புப் போட்டிகளையும் சேர்த்து ஹைடுக்குக்காக 729 கோல் அடித்தவர் அவர்.

1952, 1955 பட்டங்களுக்குப் பிறகு நீண்ட வறட்சி. எழுபதுகளில் தொமிஸ்லாவ் இவிச்சின் பயிற்சியில் ஒரு பெரிய தலைமுறை வந்தது. ஷுர்யாக், யெர்கோவிச், புல்யான் என்று அந்தப் பெயர்களை ஸ்பிளிட்டில் இன்றும் வீட்டு ஆட்களின் பெயர்போலச் சொல்வார்கள். 1971, 1974, 1975, 1979இல் லீக். 1972 முதல் 1977 வரை நடந்த ஐந்து கிண்ணங்களும் தொடர்ச்சியாக அவர்களுக்கே. 1979இல் கட்டடக் கலைஞர் போரிஸ் மகாஷ் வடிவமைத்த பொல்யூட் மைதானம் திறக்கப்பட்டது. சிப்பி ஓட்டைப் போல வளைந்த கூரை, பின்னால் கடல்.

அந்த மைதானத்தில்தான் 1980 மே 4 நடந்தது. ஹைடுக்கும் ரெட் ஸ்டாரும் ஆடிக்கொண்டிருந்தன. 1–1. நாற்பத்தோராவது நிமிடத்தில் மூன்று பேர் மைதானத்துக்குள் நடந்து வந்து மத்தியஸ்தரை நிறுத்தச் சொன்னார்கள். ஒலிவாங்கியில் டிட்டோ இறந்துவிட்ட செய்தி. 1976இல் அணிசேரா மாநாட்டுக்காகக் கொழும்புக்கு வந்துபோன அதே டிட்டோ. ஹைடுக் வீரர் ஸ்லாட்கோ வுயோவிச் புல்லில் விழுந்து அழுதார். இரண்டு அணியினரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பதாயிரம் பேர் எழுந்து டிட்டோவுக்கான உறுதிமொழிப் பாட்டைப் பாடினார்கள். போட்டி அதோடு நின்றது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1990 செப்டெம்பர் 26, அதே பொல்யூட். பார்டிசானுடனான போட்டியில் இரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். யூகோஸ்லாவியக் கொடியை இறக்கி எரித்தார்கள். அழுத கூட்டமும் எரித்த கூட்டமும் ஒரே ஊர்தான். இரண்டுமே பொய்யில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இடைப்பட்ட பத்து ஆண்டில் ஒரு நாடு தன் மக்களின் நம்பிக்கையை எப்படி இழந்தது என்பதை அறிய இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குரோஷியாவின் சொந்த லீக் போருக்கு நடுவே, 1992 பெப்ரவரியில் தொடங்கியது. பன்னிரண்டு கழகங்கள். குண்டுவீச்சுக்கு நடுவே இருந்த ஒசியெக் கழகம் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. முதல் சம்பியன் ஹைடுக். 1994இலும் 1995இலும் மீண்டும். 1995இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை போய், பின்னர் கிண்ணத்தை வென்ற அயாக்ஸிடம் தோற்றது. தலைநகர் சாக்ரெப்பின் தினாமோ கழகத்துக்கோ அந்தப் பத்தாண்டு முழுக்கப் பெயர்த் தொல்லை. அரசியல்வாதிகள் அதன் பெயரை இருமுறை மாற்றினார்கள். இரசிகர்கள் போராடி 2000இல்தான் பழைய பெயரை மீட்டார்கள். ஸ்பிளிட்டில் பெயரைத் தொட ஒருவரும் துணியவில்லை.

2001, 2004, 2005 பட்டங்களுக்குப் பின் ஹைடுக் லீக்கை வெல்லவில்லை. 2006 முதல் 2016 வரை பதினொரு முறை தொடர்ச்சியாகத் தினாமோ. இன்று பத்துக் கழகங்கள், ஒன்றோடொன்று நான்கு முறை மோதி, ஆளுக்கு 36 போட்டி ஆடும் லீக் அது. சிறிய லீக்கில் ஒரே கழகத்திடம் பணம் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பதினொரு ஆண்டுகளே சாட்சி. வீரர்களை விற்ற பணத்தை எடுத்துக்கொண்டதாகத் தினாமோவின் முன்னாள் நிர்வாகத் தலைவருக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு முன், 2014 நவம்பரில், தங்கள் இரசிகர்களை மைதானத்துக்குள் விடவில்லை என்பதற்காக ஹைடுக் வீரர்கள் சாக்ரெப்வரை போய் ஆடாமலே திரும்பினார்கள். போட்டி எதிரணிக்கு எழுதப்பட்டது. புள்ளிகளை இழந்து வந்த அணியை ஊர் வாழ்த்தியது.

அதைவிடப் பெரிய வேலை 2011இல் நடந்திருந்தது. நிர்வாகம் கெட்டுக் கடனில் மூழ்கிய கழகத்தில், நம் ஹைடுக் என்ற பெயரில் இரசிகர்கள் ஓர் அமைப்பானார்கள். மேற்பார்வைச் சபையை இனி உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற ஏற்பாட்டை வென்றெடுத்தார்கள். பிறகு பணம் சேர்த்து ஏறக்குறைய கால்பங்கு பங்குகளையும் வாங்கினார்கள், பெரும்பங்கு மாநகரிடம். ஸ்பிளிட்டின் சனத்தொகை ஏறக்குறைய 160,000. கழகத்தின் சந்தா உறுப்பினர்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஜெர்மனிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போனவர்களும் அதில் சேர்த்தி. 2022இலும் 2023இலும் குரோஷியக் கிண்ணம் வந்தது. லீக் பட்டம் இன்னும் வரவில்லை. சந்தா குறையவும் இல்லை.

இதை மாத்தளையில் உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. எல்கடுவ, றத்தொட்டைப் பக்கத்துத் தோட்ட மைதானங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் லயன் கூரை. பந்து சரிவில் உருண்டால் இறங்கி ஓட ஒரு சின்னப் பையன் எப்போதும் தயாராக நிற்பான். பொங்கலுக்கும் சித்திரைக்கும் சுற்றுப்போட்டி வைத்தால் ஆட்டக்காரர்களுக்குக் குறைவே இல்லை. குறைவது கழகம்தான். நான்கு பேர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் கழகம் கலைந்துவிடுகிறது. ஜேர்சி ஒருவர் வீட்டில், பந்து இன்னொருவர் வீட்டில், கணக்கு யாரிடமும் இல்லை.

நம் எஃப்.ஏ. கிண்ணம் 1948இல் தொடங்கியது. குரோஷியாவின் கிண்ணத்தைவிட நாற்பத்துநான்கு வயது மூத்தது. ஆனாலும் 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபீஃபா நம் நாட்டையே இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆயிற்று. மேலே நடக்கும் இழுபறியைக் கீழே இருக்கும் கழகங்கள் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம், அவற்றுக்குப் பின்னால் எழுதப்பட்ட உறுப்பினர் பட்டியல் இல்லாததுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு சிறிய சந்தா, ஒரு பொதுக்கூட்டம், எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும் ஒரு கணக்கு. பேர்ணாட் அலுவிகார மைதானத்தில் இறங்கும் அடுத்த மாத்தளை அணி இந்த மூன்றோடும் இறங்கலாம். இதற்கு அமைச்சின் அனுமதி தேவையில்லை.

தினாமோவின் பதினொரு ஆண்டு ஆட்சியை 2017இல் முறித்தது ஹைடுக் அல்ல. வடக்கே இருக்கும் இன்னொரு துறைமுக நகரின் கழகம். அந்த ரியேக்காவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)