பத்து விநாடியில் படிக்க ஒரு படம்

மாணவர்களே! புற்றுநோய் விழிப்புணர்வுக்காகவும் நிதி திரட்டுவதற்காகவும் உங்கள் ஊரில் ஓர் ஓட்டம் நடக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் வழி நெடுகப் பிடித்து நிற்க, அட்டைகளில் படம் வரைந்து தரும்படி உங்கள் பள்ளியைக் கேட்கிறார்கள். போஸ்டர் கலரும் தூரிகையும் தயார். என்ன வரைவீர்கள்? எப்படி வரைவீர்கள்? இது ஓவிய ஆசிரியர் மட்டும் விடை சொல்லும் கேள்வி அல்ல. பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் இதில் பங்கு உண்டு. முதலில், இத்தகைய ஓட்டங்களில் புகழ்பெற்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

ஒற்றைக் காலில் 5,373 கிலோமீட்டர்

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ் 1958-இல் பிறந்தவர். கூடைப்பந்து ஆட்டக்காரர். 1977-இல் அவருடைய வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அறுவைக்கு முன்னாள் இரவு, அவருடைய பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலை இழந்த ஒருவர் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்த செய்தி அதில் இருந்தது. 'நானும் ஓடுவேன்' என்ற எண்ணம் டெரிக்கு அப்போதுதான் முளைத்தது.

மருத்துவர்கள் அவரிடம் சொன்ன கணக்கு ஒன்றும் உண்டு. அவர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால் அதே நோய் வந்திருந்தால் நூற்றுக்கு 15! இடையில் நடந்தது மருந்து ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அதைத் திரட்ட, நாட்டின் குறுக்கே ஓடுவது என்று டெரி முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல் நீரில் நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் சென்று முன்னே வர நேரம் எடுக்கும். அதுவரை நல்ல காலால் ஒரு முறை கூடுதலாகத் துள்ளிச் சமாளித்தார். அப்படியே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம், 143 நாட்கள்! செப்டம்பர் 1 அன்று நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது தெரிந்ததும் ஓட்டம் நின்றது. அதற்குள் கடந்த தூரம் 5,373 கிலோமீட்டர். கனடா மக்கள் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் ஆசை. 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் மக்கள் தொகையும் அப்போது ஏறத்தாழ அவ்வளவே. அதே ஆண்டு ஜூன் 28 அன்று, தமது 22-ஆம் வயதில் டெரி காலமானார்.

அவர் பெயரில் 1981 செப்டம்பரில் தொடங்கிய ஓட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. பரிசு கிடையாது, முதல்வர், இரண்டாமவர் கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் இது நடந்திருக்கிறது. இதுவரை திரண்ட நிதி 80 கோடி டாலருக்கும் மேல். கனடாப் பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் படங்கள் வரைகிறார்கள். தாம் யாருக்காக ஓடுகிறோமோ அவருடைய பெயரை ஓர் ஒட்டுத்தாளில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு பாட்டியுடையதாக இருக்கலாம். பக்கத்து இருக்கைத் தோழனுடையதாகவும் இருக்கலாம்.

எழுத்தின் அளவு என்ன?

இனி நம் அட்டைக்கு வருவோம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 34 மீட்டர் தொலைவில் உள்ள 1 சென்டிமீட்டர் பொருள் கண்ணில் அமைக்கும் கோணம் இது. ஓர் எழுத்தை அடையாளம் காண இதைப்போல் 5 மடங்கு வேண்டும். கண் மருத்துவரின் எழுத்துப் பலகை இந்தக் கணக்கில்தான் அமைந்துள்ளது.

30 மீட்டர் தொலைவிலிருந்து உங்கள் அட்டையைப் படிக்க வேண்டுமானால், எழுத்தின் உயரம் குறைந்தது 4.4 செ.மீ. ஆனால் இது கண் தெரியும் எல்லை மட்டுமே. ஓடுகிறவரின் தலை குலுங்கும். நம் எழுத்துகளிலோ சுழிகள் அதிகம். ஆகவே மூன்று மடங்காக்கி 13 செ.மீ. என்று கொள்வோம்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருபவர் 30 மீட்டரைக் கடக்க 10 விநாடி போதும். அதற்குள் படித்து, பொருளும் புரிந்துவிட வேண்டும். பத்து வரி எழுதினால் யார் படிப்பார்கள்? ஒரு வழி உண்டு. ஆளுக்கு ஓர் எழுத்தை அட்டை நிறைய எழுதி, வரிசையாக நில்லுங்கள். 'முன்பே அறிவோம்' என்பதற்கு ஏழு மாணவர்கள் போதும்!

விடியலில் எந்த நிறம்?

ஓட்டங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கும். மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்புச் செல்கள் சரியாக வேலை செய்வதில்லை. கோல் செல்களே உதவுகின்றன. இவை நீலப்பச்சை ஒளியை நன்கு உணரும். சிவப்பை அநேகமாக உணரா. ஆகவே பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்பு, விடியலில் கறுத்துப் போகும். பூர்க்கின்யே என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்து கூறிய விளைவு இது. கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்து எழுதினால் அந்நேரத்தில் வெறும் அட்டைதான் தெரியும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இருளிலும் பகலிலும் கைகொடுக்கும்.

எதை வரைவது?

இதுதான் முக்கியமான கேள்வி. பலரும் உடனே நண்டை வரைவார்கள். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்த நாளங்கள் நண்டின் கால்களாகத் தோன்றினவாம். சிலர் மண்டை ஓட்டை வரைவார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த வழியில், சிகிச்சை பெற்றுவரும் ஒரு சிறுமியும் தந்தையின் தோளில் அமர்ந்து வேடிக்கை பார்க்கக்கூடும். உங்கள் படம் அவளிடம் என்ன சொல்லும்?

பயமுறுத்தும் படம் பொய்யும் சொல்கிறது. புற்றுநோய் என்பது மரணம் என்பதன் மறுபெயர் அல்ல. டெரிக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோய், வேறிடம் பரவுமுன் கண்டறியப்பட்டால், இன்று நூற்றில் அறுபதுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். பலருக்குக் காலையும் காப்பாற்றிவிடுகிறார்கள்.

உடலின் ஒரு செல்லில், மரபுக் கட்டளைகளில் பிழைகள் சேர்கின்றன. அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. இதுதான் நோயின் தொடக்கம். நோயாளியைத் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ இது தொற்றாது. சில புற்றுநோய்களுக்குக் காரணமான வைரஸ்கள் பரவக்கூடியவை. அவற்றில் சிலவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. புகையிலை பல உறுப்புகளில் புற்றுநோயை உண்டாக்கும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் எவர் பழக்கத்தாலும் வருவதன்று. எனவே 'செய்த தவற்றின் பலன்' என்னும் தொனி உங்கள் அட்டையில் வரக் கூடாது.

அப்படியானால் வரையத் தக்கவை எவை? கைகோத்து நிற்கும் நண்பர்கள். ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டும் தாத்தா. நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஆராய்ச்சியாளர். முடி உதிர்ந்த தலையுடன் வகுப்பில் சிரித்திருக்கும் சிறுவன். இவை எல்லாம் உண்மை, எவரையும் புண்படுத்தாதவை.

செய்து பாருங்கள்

மூன்று அட்டைகளில் ஒரே சொல்லை 4, 8, 13 செ.மீ. உயரத்தில் எழுதுங்கள். பள்ளி மைதானத்தில் ஒருவர் அவற்றைப் பிடிக்க, மற்றவர் தொலைவிலிருந்து ஓடி வரட்டும். சொல்லைப் படித்ததும் நின்று, தூரத்தை அளவு நாடாவால் அளந்து குறியுங்கள். அதிகாலையிலும் நண்பகலிலும், சிவப்பிலும் கறுப்பிலும் செய்து ஒப்பிடுங்கள். அதன் பிறகு உங்கள் ஊர் ஓட்டத்துக்கு அட்டை வரையத் தொடங்கலாம். மருத்துவமனையில் ஒருவர் கொடுத்த ஒரு துண்டுப் பத்திரிகைத் தாள் டெரியை ஓட வைத்தது. உங்கள் அட்டையும் ஒரு தாள்தான். அதைப் படிக்கப் போகிறவர் யாரென்று யாருக்குத் தெரியும்?