'ஃபார்மேட் பண்ணவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்க

அம்மா அப்பா பெரிய வீட்டை விற்றுவிட்டு அப்பார்ட்மென்ட்டுக்கு மாறும் வயசு நம்மில் பலர் வீட்டில் வந்துவிட்டது. பேஸ்மென்ட்டைக் காலி பண்ணும்போது பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைக்கும். உள்ளே முப்பது நாற்பது 3.5 அங்குல ஃபிளாப்பி. தமிழ்ப் பள்ளிப் பாடங்கள், சங்க மலருக்கு எழுதின கட்டுரைகள், ஊருக்குப் போட்ட கடிதங்களின் பிரதிகள். உடனே ஆன்லைனில் ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்குவோம். டிஸ்கைச் செருகியதும் விண்டோஸ் கேட்கும்: இதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?

'சரி'யை மட்டும் அமுக்கிடாதீங்க. டிஸ்க் கெட்டுப்போயிருக்கலாம், உண்மைதான். ஆனால் டிஸ்க் நல்லாவே இருந்து, டிரைவுக்கு அதைப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் விண்டோஸ் காட்டுவது ஒரே செய்தி. முதல் வேலையாக, டிஸ்கின் மூலையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தாழைத் தள்ளி ஓட்டை திறந்து தெரியும்படி வையுங்க. அப்புறம் யார் தவறி எதை அமுக்கினாலும் டிரைவால் அதில் எழுத முடியாது. வீட்டில் ஏழெட்டு வயசுப் பிள்ளை இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

டிரைவுக்கு ஏன் தெரியாது? 1.44 எம்பி என்று நாம் சொல்லும் டிஸ்கில் ஒரு பக்கத்துக்கு 80 டிராக், ஒரு டிராக்கில் 18 செக்டர், ஒரு செக்டரில் 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட். (1.44 என்ற எண்ணே ஒரு கலப்படக் கணக்கு. 1440 கேபியை ஆயிரத்தால் வகுத்து வந்தது.) ஆனால் சில பழைய டிஸ்க் பெட்டிகளில் '2 எம்பி' என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அதுவும் பொய் இல்லை. டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் ஏறத்தாழ 12,500 பைட் பிடிக்கும். 160 டிராக்குக்குப் பெருக்கினால் 20 லட்சம் பைட். மீதியெல்லாம் எங்கே போகிறது? செக்டருக்கும் செக்டருக்கும் நடுவே விடும் இடைவெளியிலும், ஒவ்வொரு செக்டரின் தலைப்புக் குறிப்பிலும். டிரைவின் வேகம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று எழுதிவிடாமல் இருக்க விட்ட தாராளமான இடம் அது.

அந்த இடைவெளியைச் சுருக்கினால் கூட மூணு செக்டர் நுழைக்கலாம் என்று பலர் கண்டுபிடித்தார்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் டிஎம்எஃப். டிராக்குக்கு 21 செக்டர், மொத்தம் 17,20,320 பைட், அதாவது 1680 கேபி. 1995-இல் வந்த விண்டோஸ் 95-இன் ஃபிளாப்பி பதிப்பு 13 டிஸ்க். முதல் டிஸ்க் சாதாரண 1.44, மற்றவை டிஎம்எஃப். கம்பெனிக்குச் சில டிஸ்க் மிச்சம். கூடவே இன்னொரு லாபம்: டாஸில் இருந்த டிஸ்க்காப்பி கட்டளை இதைப் பிரதி எடுக்காது. பக்கத்து வீட்டு அங்கிளிடம் வாங்கிப் பிரதி போடும் நம்மவர் பழக்கத்துக்கு அது கொஞ்ச நாள் தடை.

ஐபிஎம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஓஎஸ்/2 வார்ப், பிசி டாஸ் 7 ஆகியவற்றுக்கு அது பயன்படுத்திய எக்ஸ்டிஎஃப் முறையில் 18 சின்ன செக்டருக்குப் பதில் டிராக்குக்கு நாலே நாலு: 8 கேபி ஒன்று, 2 கேபி ஒன்று, 1 கேபி ஒன்று, 512 பைட் ஒன்று. செக்டர் குறைந்தால் இடைவெளியும் குறையும். அப்படி 18,84,160 பைட் பிடித்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

ஆனால் பிஸ்கட் டின்னில் இருப்பது கம்பெனி டிஸ்க் இல்லையே! வீட்டிலும் இதைச் செய்தார்கள். கிறிஸ்டோஃப் ஹோக்ஷ்டெட்டர் எழுதிய எஃப்டிஃபார்மேட் என்ற டாஸ் புரோகிராம் 80 டிராக்கைத் தாண்டி 82 வரை போய், 21 செக்டர் போட்டு 1722 கேபி எடுக்கும். எங்க அப்பாவின் டிஸ்குகளில் சிவப்புப் பேனாவால் '1.72' என்று எழுதியிருந்தது. என்னப்பா இது என்று கேட்டதற்கு, "அதுல இன்னும் ரெண்டு பாடம் கூடப் பிடிக்கும்மா" என்றார். அப்போது ஒரு டிஸ்க் மிச்சம் பிடிப்பது அவருக்குப் பெரிய விஷயம். லினக்ஸ்காரர்களும் அதே 1722-இல் ஒரு முழு லினக்ஸையே ஒற்றை ஃபிளாப்பியில் அடைத்தார்கள். டாம்ஸ்ஆர்டிபிடி என்று பேர்.

இப்போது யுஎஸ்பி டிரைவுக்கு வருவோம். அதற்குள் இருக்கும் சிப்புக்கு 720 கேபி, 1.44 எம்பி போன்ற சில நிலையான அளவுகள் மட்டுமே தெரியும். 21 செக்டரைக் காட்டினால் முழிக்கும். எந்த மென்பொருளும் அதை மாற்ற முடியாது. ஆகவே டிஸ்க் லேபிளில் 1.68, 1.7, 1.72, 1.8 என்று ஏதாவது எழுதியிருந்தால் யுஎஸ்பி டிரைவை ஓரமாக வையுங்க.

வழி இரண்டு. ஒன்று, மதர்போர்டில் ஃபிளாப்பிக்கான 34 முனைக் கேபிள் செருகும் இடம் உள்ள பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் போட்டால் எஃப்டியுடில்ஸ் என்ற தொகுப்பு இந்த விசித்திர அளவுகளைப் படிக்கும். டாஸ்தான் வேண்டுமென்றால் ஃப்ரீடாஸ் இருக்கிறது. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கியது, இன்றும் புதுப் பதிப்பு வருகிறது, இலவசம். எஃப்டிஃபார்மேட்டில் எழுதிய டிஸ்க் என்றால், கூட வரும் எஃப்டிரீட் என்ற சின்ன புரோகிராமை முதலில் ஓட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கிரீஸ்வீசல் என்ற சின்ன சர்க்யூட் போர்டு. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் பழைய ஃபிளாப்பி டிரைவ். இது செக்டரை எல்லாம் பார்ப்பதில்லை. காந்தப் புலம் எங்கெங்கே மாறுகிறது என்பதை அப்படியே பதிவு செய்துகொள்ளும், அது எந்த ஃபார்மேட் என்பதை அப்புறம் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம். முப்பது வருஷ டிஸ்குக்கு நான் இதையே சொல்வேன். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் டிரைவின் தலை அந்தப் பழைய பூச்சில் உரசுகிறது. ஒரே தடவை ஓட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்லது.

கிடைக்கும் இமேஜ் கோப்பின் அளவைப் பாருங்க. 17,20,320 என்றால் டிஎம்எஃப் அளவு, 17,63,328 என்றால் 1722. அதை 7-ஜிப்பில் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கோப்புகள் தெரியும்.

திறந்தால் இன்னொரு அதிர்ச்சி: எல்லாம் ஆங்கில எழுத்து! பயப்படாதீங்க. அப்போது தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தது, எழுத்துரு இல்லாவிட்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மயிலை, அஞ்சல், டிஸ்கி, டேப் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேறு இடத்தில் இருக்கும். தப்பான எழுத்துருவைத் தேர்ந்தால் வருவது தமிழ் மாதிரி இருக்கும், தமிழாக இருக்காது.

அதனால் டின்னை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடமோ அம்மாவிடமோ இரண்டு கேள்வி கேட்டுவிடுங்க. எந்த எழுத்துருவில் அடிச்சீங்க? டிஸ்கை எதுல ஃபார்மேட் பண்ணீங்க? பதிலை அந்த டிஸ்கின் லேபிளில் அல்ல, தனிக் காகிதத்தில் எழுதி டின்னுக்குள்ளேயே போட்டு வையுங்க.